மீன் தூண்டில் முள்ளை விழுங்கிவிட்டதா? அறிகுறி பார்த்து விடுவிக்கும் வழி

தூண்டில் நூலான தங்கூசி மீனின் வாய்க்குள் போகிறது, முள்ளைக் காணோம். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கக் கரைகளில் தூண்டில் போட்டுப் பழகிய எவருக்கும் இந்தக் கணம் வந்திருக்கும். பக்கத்தில் நிற்கிறவர் "இழுடா தம்பி, வந்துரும்" என்பார். வரும்தான். முள்ளோடு கூட வேறு என்னென்ன வரும் என்பதை மட்டும் அவர் சொல்லமாட்டார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் அந்தக் காலத்தில் பிடித்ததெல்லாம் நேரே கறிச்சட்டிக்குத்தான் போனது. முள் எங்கே குத்தியிருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. இப்போது அப்படியில்லை. விரல் நீளத் திலாப்பியா, சினையோடு வந்த கார்ப், வீட்டுத் தேவைக்கு மேல் மாட்டியது என்று நான் பிடிப்பதில் பாதியாவது திரும்பத் தண்ணீருக்குள் போகிறது. நீந்திப் போவதைப் பார்த்து மனம் குளிர்ந்து வீட்டுக்கு வருகிறோம். மறுநாள் அது எங்கே மல்லாக்க மிதக்கிறது என்று பார்க்க நாம் அங்கே இருப்பதில்லை.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் மீனிடம் என்ன தெரிகிறதோ அந்த இடத்துக்குப் போங்கள். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் தூண்டிலை எடுப்பதற்கு முன்பே படித்துவிடுங்கள். கையில் மீன் துள்ளும்போது படித்துக்கொண்டிருக்க முடியாது.

கரைக்குப் போகுமுன் பையில் என்ன இருக்க வேண்டும்

மூக்கு நீண்ட குறடு ஒன்று. அதைவிட நல்லது, ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது பிடிப்பார்களே, பூட்டு விழும் இடுக்கி, அது. மெல்லியது என்பதால் சின்ன வாய்க்குள்ளும் போகும், பிடித்தால் வழுக்காது. அப்புறம் ஒரு நகவெட்டி. சிரிக்காதீர்கள். தங்கூசியை முள்ளுக்கு ஒட்டி அறுக்க அதைவிட வசதியான சாமான் நான் பார்த்ததில்லை. கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள். பையின் அடியில் தேடுகிற அரை நிமிடம் மீனின் கணக்கில்தான் போய்ச் சேரும்.

மீனைப் படுக்க வைக்க ஈரமான விரிப்பு ஒன்றும் வேண்டும். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கை நனைத்து விரித்தால் அருமையாக இருக்கும். ஆனால் மருந்து அடிக்கப் போனவர் கட்டியிருந்த படங்கு வேண்டவே வேண்டாம். உரச் சாக்கும் அப்படித்தான். பூச்சிமருந்தும் களைமருந்தும் மீனுக்கு விஷம். கழுவிவிட்டேன் என்கிற சமாதானம் போதாது.

தூண்டில் கட்டும்போதே குறடால் முள்ளின் எதிர்முள்ளை, அதாவது மீன் நழுவாமல் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன நாக்கை, நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். தங்கூசியைத் தளரவிடாமல் சுற்றினால் மீன் தப்புவது மிகக் குறைவு. கீழே சொல்லப்போகும் தொல்லைகளில் பாதி இந்த ஒரு நசுக்கலிலேயே தீர்ந்துவிடும். உங்கள் கையில் முள் ஏறும் நாளிலும் இதை நினைத்துக்கொள்வீர்கள்.

எந்த மீனானாலும் முதல் பத்து விநாடி

மீனைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு வாயைப் பாருங்கள். முள் தெரிகிறதா இல்லையா, இரத்தம் வருகிறதா இல்லையா, இவ்வளவுதான் அப்போது வேண்டியது. மற்ற எல்லா முடிவும் இதிலிருந்தே வரும்.

கைகளை நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கையோ துவாயோ பட்டால் மீனின் உடம்பிலுள்ள வழுவழுப்பு உரிந்துவிடும். கிருமியும் பூஞ்சணமும் அண்டாமல் காப்பது அந்த வழுவழுப்புத்தான். மீன் நீந்திப் போகும்போது ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து உரிந்த இடத்தில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாகப் பூக்கும். வாயில் மட்டும் பிடித்துத் தொங்கவிடாதீர்கள், செவுள் மூடிக்குள் விரலைக் கொடுத்துத் தூக்காதீர்கள். ஒரு கை வாலடியில், மறு கை நெஞ்சுக்குக் கீழே, நெரிக்காமல்.

தண்ணீருக்கு வெளியே எவ்வளவு நேரம் வைக்கலாம் என்று கேட்பார்கள். 1992இல் கனடாவில் ரெயின்போ டிரவுட் மீன்களைக் களைக்கக் களைக்க ஓடவிட்டுப் பார்த்தார்கள். தண்ணீரிலேயே விட்டவற்றில் 12 வீதம் செத்தன. 30 விநாடி வெளியே வைத்தவற்றில் 38 வீதம். 60 விநாடி வைத்தவற்றில் 72 வீதம். நம் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் இருப்பதும் அதே ரெயின்போ டிரவுட்தான். ஆகவே கைப்பேசியில் படம் எடுக்க வேண்டுமென்றால் எடுக்கிறவர் தயாராகி "சரி" என்று சொன்ன பிறகு மீனைத் தூக்குங்கள். தூக்கி வைத்துக்கொண்டு "கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திரும்பு மச்சான்" என்று பேசிக்கொண்டிருப்பதுதான் மீனைக் கொல்கிறது.

நம் உயரத்துக்கென்று ஒரு கணக்கும் உண்டு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, தண்ணீரில் கரையும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறையும். தண்ணீர் குளிராக இருப்பதால் பெரும்பாலும் இது தெரியாமல் போய்விடுகிறது. மழையில்லாத பெப்ரவரி, மார்ச்சில் நீர்மட்டம் இறங்கி, மவுசாக்கலையில் பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தலைகாட்டும் நாட்களில் கரையோரத் தண்ணீர் மத்தியான வெயிலில் நன்றாகச் சூடேறும். அப்போது களைத்த மீனுக்கு மூச்சு திரும்ப நேரமாகும். அந்த மாதங்களில் நான் விடிகாலையில் போய், வெயில் ஏறுமுன் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

அறிகுறி: முள் உதட்டிலோ வாயோரத்திலோ தெரிகிறது

இது தொல்லையே இல்லை. மீன் தண்ணீரில் இருக்கும்போதே முள்ளின் தண்டைக் குறடால் பிடித்து, குத்தின வழியிலேயே பின்னோக்கித் தள்ளி வெளியே எடுங்கள். மீனைத் தொடக்கூட வேண்டியதில்லை. எதிர்முள் நசுக்காமல் விட்டு, முனை கன்னத்தைத் துளைத்து மறுபக்கம் வந்திருந்தால் அந்த முனையை எதிர்முள்ளோடு வெட்டிவிட்டுத் தண்டை உருவுங்கள்.

அறிகுறி: தங்கூசி தொண்டைக்குள் போகிறது, முள் தெரியவே இல்லை

அறுத்துவிடுங்கள். இழுத்துப் பார்க்கிறேன், ஒரு தடவை குச்சி விட்டுப் பார்க்கிறேன் என்பதெல்லாம் வேண்டாம்.

ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், மீனின் இதயம் நாம் நினைக்கும் இடத்தில் இல்லை. செவுளுக்குச் சற்றுப் பின்னால், தொண்டைக்கு நேர் கீழே, ஒரு மெல்லிய சுவருக்கு அப்பால் துடித்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பின்னால் ஈரல். தொண்டையில் ஏறிய முள்ளைப் பிடித்து இழுப்பது அந்த இரண்டுக்கும் பக்கத்தில் கத்தியைச் சுழற்றுவதுபோல. மீன் வாயை மூடிக்கொண்டு நீந்திப் போகும், உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும்.

புளூகில் என்றொரு சிறிய நன்னீர் மீனில் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். முள்ளை ஆழமாக விழுங்கிய மீன்களில் ஒரு பகுதிக்கு முள்ளைப் பிடுங்கினார்கள், மறுபகுதிக்கு நூலை அறுத்து முள்ளை உள்ளேயே விட்டார்கள். பத்து நாள் கழித்துப் பிடுங்கியவற்றில் 44 வீதம் செத்திருந்தன. அறுத்து விட்டவற்றில் 12.5 வீதம். அறுத்து விட்டவற்றில் ஏறக்குறைய 71 வீதம் அந்தப் பத்து நாளுக்குள் முள்ளைத் தாமாகவே வெளியேற்றியும் இருந்தன. எங்கள் மாமா ஒருவர் இதை நம்பவே மாட்டார். "முள்ளு வயித்துல இருந்தா எப்புடிடா திங்கும்?" என்பார். அவரிடம் முள்ளைப் பிடுங்கி விட்ட மீன் எப்படித் தின்னும் என்று திருப்பிக் கேட்டால் வெற்றிலைப் பையைத் தேடத் தொடங்கிவிடுவார்.

அறுக்கும் முறை: தங்கூசியை லேசாக, மீன் அசையாத அளவுக்கு மட்டும் இறுக்கிப் பிடியுங்கள். நகவெட்டியை வாய்க்குள் எவ்வளவு தூரம் பாதுகாப்பாகக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு தூரம் கொண்டுபோய் அறுங்கள். வாய்க்கு வெளியே ஒரு முழம் தொங்கவிட்டால் அது களையிலும் வேரிலும் சுற்றிக்கொள்ளும், செவுளுக்குள்ளும் போய் இழுக்கும். இரண்டு கட்டைவிரல் நீளத்துக்குமேல் மிஞ்சக்கூடாது.

கடையில் வாங்கும்போது துருப்பிடிக்காத எஃகு முள்ளை வாங்காதீர்கள். சாதாரண இரும்பு முள் நாளடைவில் அரித்துத் தேய்ந்து போகும், துருவே ஏறாதது அப்படியே கிடக்கும். முள் போகிறதே என்று கை வராவிட்டால் விலையை நினைத்துப் பாருங்கள். ஹட்டன் டவுனில் ஒரு பிளேன்டீக்குக் கொடுக்கிற காசுகூட இல்லை.

கார்ப் மீனுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அதற்கு வாயில் பல் கிடையாது, ஆனால் தொண்டைக்குள் அரைவைக் கல் மாதிரிப் பற்கள் இருக்கின்றன. முள் அதைத் தாண்டிப் போய்விட்டால் குறடுக்கு வழியே இல்லை.

அறிகுறி: முள் தொண்டையில்தான், ஆனால் தண்டு கண்ணுக்குத் தெரிகிறது

இங்கே மட்டும் ஒரு வழி இருக்கிறது. வாய் அகலமான, கையில் அடங்காத பெரிய மீனுக்குத்தான். உள்ளங்கை அளவு மீனில் முயற்சி செய்யவே வேண்டாம், மேலே சொன்னபடி அறுத்துவிடுங்கள்.

முள் பொதுவாக நிற்கும் விதம் இது: நூல் கட்டிய கண் வாயைப் பார்த்திருக்கும், வளைவு உள்ளே ஆழத்தில், முனை தொண்டைச் சுவரில். வாய் வழியாக இழுக்க இழுக்க முனை இன்னும் ஆழமாகத்தான் ஏறும். அதற்குப் பதிலாக முள்ளைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும். தங்கூசியைத் தளரவிடுங்கள். செவுள் மூடியை மெல்லத் திறந்து, செவுள் வளைவுகளுக்கு இடையே உள்ள வெளி வழியாக இடுக்கியை விட்டு, தண்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். கண் செவுள் பக்கமாகவும் வளைவு வாய்ப்பக்கமாகவும் வரும்படி தண்டைச் சாய்த்துத் திருப்புங்கள். முனை தானாகக் கழன்றுவிடும், கையில் ஒரு சின்ன "டக்" தெரியும். அப்புறம் வாய் வழியாக வளைவைப் பிடித்து வெளியே எடுங்கள்.

சிவப்பாகச் சீப்புப் பல் மாதிரி இருக்கும் இழைகளில் இடுக்கி உரசக்கூடாது. உரசினால் இரத்தம் கொட்டும், பிறகு அடுத்த பகுதிக்குப் போக வேண்டியிருக்கும். முதல் முயற்சியில் வராவிட்டால் நிறுத்திவிட்டு அறுத்துவிடுங்கள். நான் இதை முதலில் பழகியது கறிக்கு வைத்திருந்த செத்த மீனில். உயிருள்ள மீனில் பழகாதீர்கள்.

விராலில் இதைச் செய்யும்போது பற்களைக் கவனியுங்கள். கொத்மலை, விக்டோரியா என்று கீழே இறங்கப் போகிறவர்கள் அகலமான வாய்தானே என்று விரலை விட்டுக் கடிபட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: செவுளிலிருந்து இரத்தம் வருகிறது

முதலில் எவ்வளவு என்று பாருங்கள். மீனின் உடம்பில் இரத்தம் மிகக் குறைவு, எடையில் 3 முதல் 5 வீதம் வரைதான். அரைக் கிலோ மீனுக்கு மொத்தமாக மூன்று முதல் ஐந்து தேக்கரண்டி. படங்கில் ஒரு கைக்குட்டை அளவுக்குச் சிவந்திருந்தாலே அது பெரிய இழப்பு.

உதட்டிலோ தாடையிலோ இரண்டு சொட்டு வந்து நின்றால் பயமில்லை. செவுளிலிருந்து தொடர்ந்து வந்தால் முள்ளைத் தேடாதீர்கள். அறுத்து, உடனே தண்ணீருக்குள் வையுங்கள். குளிர்ந்த தண்ணீரில் அதன் இரத்தம் தானாக உறைய வேண்டும், நாம் செய்யக்கூடியது வேறு எதுவுமில்லை.

சோடா ஊற்றுவது பற்றி ஒரு வார்த்தை. யூடியூபில் பார்த்துவிட்டு வந்து, செவுளில் கோலா ஊற்றினால் இரத்தம் நிற்கும் என்று சிலர் செய்கிறார்கள். கனடாவில் பைக் மீன்களில் இதைச் சோதித்தபோது ஊற்றியதற்கும் ஊற்றாததற்கும் வித்தியாசம் தெரியவில்லை. சோடாவை நீங்களே குடியுங்கள்.

இரத்தம் நிற்கவே இல்லை, மீனின் நிறம் வெளுக்கிறது, பிடித்தாலும் துள்ளவில்லை என்றால்? அது பிடிக்கத் தடையில்லாத மீனாகவும், கறிக்கு ஆகும் அளவாகவும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தலையில் ஓங்கி ஒரு தட்டு, உடனே முடித்துவிடுங்கள், வாளியில் போட்டுத் துடிக்கவிடாதீர்கள். செத்துப்போகும் என்று தெரிந்த மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு "நான் விட்டுட்டேன்" என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. புளி கரைத்துக் குழம்பு வைப்பது அதைவிட நேர்மையானது.

அறிகுறி: விட்டேன், மல்லாந்துவிட்டது

பெரும்பாலும் களைப்புத்தான். அதிக நேரம் இழுபறி, அதிக நேரம் வெளியே. வாலடியில் தளரப் பிடித்து, முதுகு மேலே இருக்கும்படி நிமிர்த்தி, ஓடையானால் தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துக்கொண்டு நில்லுங்கள். வாய் வழியாகப் போகும் தண்ணீர் செவுள் வழியாக வெளியே வர வேண்டும்.

பலரும் மீனை ரம்பம் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் ஆட்டுகிறார்கள். பின்னோக்கி இழுக்கும்போது தண்ணீர் தப்பான பக்கமாகச் செவுளுக்குள் புகுகிறது, அது மூச்சுக்கு உதவாது. கிரகரி வாவி மாதிரித் தண்ணீர் அசையாத இடத்தில் மீனை முன்னோக்கி மட்டும், மெல்ல எட்டு வடிவத்தில் நடத்திக்கொண்டு போங்கள்.

எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. செவுள் மூடி சீராகத் திறந்து மூடும், கண் நீங்கள் சாய்க்கிற பக்கத்துக்கு எதிராக நிமிர்ந்து நிற்கும், வாலில் பலம் வரும். அது உங்கள் கையை உதறிவிட்டுப் போகும்வரை வைத்திருங்கள். நீங்களாகத் தள்ளி அனுப்பாதீர்கள். இந்த வேலையில் முழங்கால் வரை தண்ணீரில் நிற்கும்போது கரைப்புல்லிலிருந்து ஏறிய அட்டை கெண்டைக்காலில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அறிகுறி: விலாங்கு, கையைச் சுற்றிக்கொண்டு விடவில்லை

விலாங்கு இரையை மெல்லாமல் கொள்ளாமல் நேரே வயிற்றுக்குத்தான் அனுப்பும். இரவில் மண்புழு போட்டு, தூண்டிலை நட்டுவிட்டு உறங்கப் போனவரின் முள் எப்போதுமே வயிற்றில்தான் இருக்கும். அதனோடு மல்லுக்கட்டினால் தங்கூசியைத் தன் உடம்பிலேயே முடிச்சுப் போட்டுக்கொள்ளும், உங்கள் மணிக்கட்டையும் சேர்த்து.

ஈரப்படங்கில் ஒரு பள்ளம் மாதிரி மடிப்பு வைத்து அதில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். பல சமயம் சற்று நேரம் அடங்கிக் கிடக்கும். அந்த இடைவெளியில் அறுத்துவிடுங்கள். விலாங்கின் பச்சை இரத்தத்தில் நஞ்சு இருக்கிறது, சமைத்தால்தான் அது அழியும். கையில் பட்டதோடு கண்ணைத் தேய்க்காதீர்கள், நன்றாகக் கழுவுங்கள். இந்த மீன் கடலில் பிறந்து ஆறேறி வந்தது, முட்டையிடத் திரும்பக் கடலுக்கே போக வேண்டும். வழியெல்லாம் அணை கட்டி வைத்திருக்கிறோம். என் கைக்கு வருகிற விலாங்கை நான் விட்டுவிடுவது அதனால்தான், வீட்டில் திட்டு விழுந்தாலும்.

கெளுத்தியும் சுங்கானும் வேறு கதை. அவற்றில் வாயைவிடச் செட்டை முள்ளுக்குத்தான் பயப்பட வேண்டும், சுங்கான் குத்தினால் நாள் முழுக்கக் கடுக்கும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் அரைமணி நேரம் கையை வைத்திருங்கள், வலி குறையும். வீக்கம் ஏறினால் வைத்தியரிடம் போங்கள். இந்த மீன்களைக் கையால் பிடிக்காமல் தண்ணீரிலேயே தங்கூசியை அறுத்துவிடுவது எளிது.

அறிகுறி: மூன்று முனை முள், ஒன்று மீனில், ஒன்று என் விரலில்

போலி மீன் போட்டு டிரவுட் பிடிக்கிறவர்களுக்கு வருவது இது. முதலில் மீனை அடக்க வேண்டும், ஒவ்வொரு துள்ளலும் உங்கள் விரலில்தான் ஏறும். பக்கத்தில் ஆள் இருந்தால் அவர் மீன் பக்கத்து முனையைக் குறடால் வெட்டிவிடட்டும். தனியாக இருந்தால் மீனை ஈரத்துணியால் மூடிக் கண்ணை மறைத்துவிடுங்கள், பெரும்பாலும் அடங்கும்.

அப்புறம் உங்கள் விரல். எதிர்முள் நசுக்கியிருந்தால் உருவிவிடலாம். நசுக்காமல் விட்டு, அது தோலுக்குள் மறைந்திருந்தால்: முள்ளின் வளைவில் பலமான நூலை ஒரு சுற்று கோத்துக்கொள்ளுங்கள், தண்டின் கண்ணைத் தோலை நோக்கி நன்றாக அமுக்குங்கள், அமுக்கியபடியே நூலை முள் ஏறிய திசைக்கு நேர் எதிராக ஒரே வெட்டில் இழுக்க வேண்டும். தயங்கி இழுத்தால் வராது, வலிதான் மிஞ்சும். மற்ற இரண்டு முனைகளை முன்பே வெட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவையும் ஏறும். கண்ணுக்குப் பக்கத்திலோ, மூட்டிலோ, கழுத்திலோ குத்தியிருந்தால் எதையும் தொடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். எங்கே குத்தியிருந்தாலும் ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி) கடைசியாக எப்போது போட்டது என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். எனக்கு நினைவில்லாமல் போய், தோட்டத்து மருந்துச்சாலையில் ஒரு ஊசியும் அதைவிடக் கூர்மையான ஒரு திட்டும் வாங்கினேன்.

அதற்குப் பிறகு நான் மூன்று முனை முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள்ளைத்தான் மாட்டுகிறேன். மாட்டுகிற மீன் சற்றுக் குறைந்ததா என்றால், ஆமாம். அது எனக்குப் பரவாயில்லை.

அறிகுறி: ஒவ்வொரு மீனும் விழுங்கித்தான் வருகிறது

அப்படியானால் பிழை மீனிடம் இல்லை, தூண்டிலில்.

பார்க்காமல் விட்ட தூண்டில்தான் முதல் காரணம். தடியைக் கரையில் நட்டுவிட்டுப் பாண் வாங்கப் போனால், திரும்பி வருவதற்குள் மீன் சாவகாசமாகத் தின்று முடித்திருக்கும். தங்கூசியில் தளர்வு இருந்தாலும் இதேதான், மீன் எடுத்தது நமக்குத் தெரியவே நேரமாகிறது. தக்கைக்கும் தடியின் நுனிக்கும் இடையே தங்கூசி தொய்யாமல் வைத்துக்கொள்ளுங்கள். தக்கை சரிந்ததும் எடுங்கள், முழுதாக மூழ்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். மா உருண்டையைவிட மண்புழுவைத்தான் மீன் ஆழமாக விழுங்கும். புழுவை முள்ளில் முழுதாக ஏற்றாமல் பாதியை ஆடவிட்டு, முனையை மறைக்காமல் வையுங்கள்.

முள் மிகச் சிறியதாக இருந்தாலும் விழுங்குவது கூடும். ஒரு அளவு பெரிதாக மாற்றிப் பாருங்கள். குஞ்சு மீனின் வாய்க்குள் அது புகவே புகாது, உங்களுக்கும் வேலை மிச்சம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், முனை உள்நோக்கித் தண்டைப் பார்த்து வளைந்திருக்கும் வட்ட முள். மீன் விழுங்கியே விட்டாலும் நூல் இறுகும்போது அது தொண்டையிலிருந்து வழுக்கி வந்து வாயின் மூலையில்தான் பெரும்பாலும் மாட்டும். பக்கவாட்டில் முறுக்கிய வட்ட முள்ளும் விற்கிறார்கள், அது அவ்வளவு உதவாது, நேராக இருப்பதை வாங்குங்கள். ஆனால் அதற்கு ஒரே ஒரு நிபந்தனை, மீன் கடித்ததும் தடியை வெடுக்கென்று இழுக்கக்கூடாது. இழுத்தால் முள் வாயிலிருந்து வெறுமனே வெளியே வந்துவிடும். மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தால் போதும்.

மாமாவுக்கு வட்ட முள்ளைக் கட்டிக் கொடுத்த முதல் நாள், காசல்ரீயில், நாற்பது வருடப் பழக்கத்தில் ஒவ்வொரு கடிக்கும் தடியைத் தோளுக்கு மேலே இழுத்தார். ஏழு மீன் போனது. முள்ளையும் என்னையும் சேர்த்து ஏசினார். எட்டாவது கடியின்போது அவர் கையில் பிளேன்டீ இருந்தது, இழுக்க முடியவில்லை. கப்பைக் கீழே வைத்துவிட்டு மெல்லச் சுற்றினார். முக்கால் கிலோ கார்ப் ஒன்று, வாயின் வலது மூலையில் முள் மாட்டி வந்து சேர்ந்தது.